ஹேண்ட்பால் ஸ்குவாட் லிஸ்ட்டை எப்படிப் படிக்கோணும்? நொட்டாங்கையில இருந்து ஆரம்பிங்க

என்ற அண்ணன் பொண்ணு எட்டாவது படிக்குதுங்க, கோபிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல ஹேண்ட்பால் டீம்ல இருக்குது. ஒரு நாள் சாயங்காலம் போனைக் கொண்டாந்து நீட்டி, "அத்தை, இது நார்வே லேடீஸ் டீம் லிஸ்ட்டாமா, பி.டி. மிஸ் பாத்துட்டு வரச் சொன்னாங்க, இதுல என்னத்தைப் பாக்கறதுன்னே தெரியலீங்கத்தை, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டராட்ட இருக்குது"ன்னு கேட்டுச்சு. நாயமான கேள்விதானுங்க. நான் காலேஜ் படிக்கறப்ப கோயமுத்தூர்ல மூணு வருசம் லெஃப்ட் பேக் ஆடுனவ, அப்ப எனக்கும் லிஸ்ட்டுன்னா பேரு, நம்பரு, அவ்வளவுதான். அப்பறம் வருசக்கணக்கா உலகக் கோப்பை, யூரோ (ஐரோப்பாக் கோப்பை)ன்னு ராத்திரி முழிச்சுப் பாத்துப் பாத்துத்தான் புரிஞ்சுது, ஒரு டீம் எப்படி ஆடப்போகுதுங்கறது பாதி அந்த லிஸ்ட்லயே கெடக்குதுன்னு. அம்மிணிக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதறேன், ஊட்டுல ஹேண்ட்பால் ஆடற புள்ளைங்க இருந்தா கூட உக்கார வெச்சுப் படிங்க.

மொதல்ல தேடற விசயம். "கைப்பந்து"ன்னு தமிழ்ல போட்டுத் தேடுனீங்கன்னா வாலிபால் நியூஸாத்தான் வந்து குமியும், நம்ம பேப்பருங்க வாலிபாலைத்தான் எச்சா அப்படி எழுதறாங்க, எறிபந்துன்னு போட்டா த்ரோபால் வந்து நிக்கும். அதனால ஹேண்ட்பால்ன்னே போட்டுருங்க. உலகக் கோப்பைக்கு ஐ.எச்.எஃப் (சர்வதேச ஹேண்ட்பால் ஃபெடரேசன்) சைட்டு, ஐரோப்பாவுக்கு இ.எச்.எஃப் (ஐரோப்பிய ஃபெடரேசன்), ஆசியாவுக்கு ஆசிய ஹேண்ட்பால் ஃபெடரேசன். அந்தந்தப் போட்டியோட பக்கத்துக்குப் போய் டீம் பேரைத் தொட்டா லிஸ்ட் வரும், மேட்ச் முடிஞ்ச பொறவு யாரு எத்தனை கோலு, எத்தனை ரெண்டு நிமிசம் (தப்புப் பண்ணுனா வெளிய உக்கார வெக்கற தண்டனை)னு பி.டி.எஃப் ரிப்போர்ட்டும் போடுவாங்க, அதை டவுன்லோடு பண்ணி வெச்சுக்கங்க, லிஸ்ட்டை விட அதுல சங்கதி எச்சு. இன்னொண்ணு, மேட்ச் எண்ணிக்கை, கோல் எண்ணிக்கை எல்லாம் எந்தத் தேதி வரைக்கும்னு மேலயோ கீழயோ ஒரு வரி இருக்கும், அதைப் பாக்காம ரெண்டு லிஸ்ட்டை ஒப்பிட்டீங்கன்னா கணக்கு ஒதைக்கும்.

ஒரே டீமுக்கு மூணு லிஸ்ட் வருங்க, நெம்பப் பேரு குழம்பறது இங்கதான். போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வர்றது 35 பேரு லிஸ்ட். இதுல பேரு இருக்கறதுக்காக அவிய ஆடப்போறாங்கன்னு அர்த்தமில்ல, ஆனா இதுல இல்லாதவிய பாதியில யாருக்காச்சும் அடிபட்டாலும் உள்ள வர முடியாது, அதனால கோச்சு நாளைக்கு யாரை எல்லாம் கூப்புடுவாங்கன்னு இதுலதான் தெரியும். அப்பறம் அதைச் சுருக்கிப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போற லிஸ்ட். கடைசியா மேட்ச் அன்னிக்கு 16 பேரு ஷீட். கோர்ட்டுக்குள்ள கீப்பரோட சேத்து ஏழு பேரு, மிச்சம் ஒம்போது பேரு பெஞ்சுல, எப்ப வேணும்னாலும் உள்ள வரலாம், போலாம், கணக்கே கெடையாது. ஒலிம்பிக்ஸ்ல இன்னும் கம்மி, 2024 பாரிஸ்ல 14 பேருதான். அந்த ரெண்டு எடம் கொறைஞ்சா என்னாகும்னு யோசிங்க, ஒரே எடத்துல மட்டும் ஆடத் தெரிஞ்ச நல்ல புள்ளை வெளிய போயிரும், ரெண்டு எடத்துல சுமாரா ஆடற புள்ளை உள்ள வந்துரும். ஒலிம்பிக் லிஸ்ட்டைப் பாத்து "இந்தப் புள்ளையை ஏன் விட்டாங்க"ன்னு கோவப்படறதுக்கு முன்னாடி அதை நெனச்சுக்கோணும்.

இப்ப பொசிசன். வாசல்ல உக்காந்து சாக்பீஸ்ல அரை வட்டம் போட்டேன், அதுதான் ஆறு மீட்டர் கோடு, கீப்பரைத் தவிர வேற யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது. அதுக்கு வெளிய விட்டு விட்டுப் போட்ட கோடு ஒம்போது மீட்டர். புளியங்கொட்டை ஏழு எடுத்து, ஒண்ணைக் கோலுக்குப் போட்டுட்டு, மிச்சம் ஆறையும் அடுக்குனேன். ரெண்டு மூலையில ரெண்டு விங், லிஸ்ட்ல எல்டபிள்யூ, ஆர்டபிள்யூன்னு இருக்கும். ஒம்போது மீட்டர்கிட்ட மூணு பேக், எல்பி (LB, லெஃப்ட் பேக்), சிபி (CB, சென்டர் பேக்), ஆர்பி (RB, ரைட் பேக்), தூரத்துல இருந்து எகிறி அடிக்கற ஆளுங்க அவியதான், நடுவுல நிக்கற சிபி தான் ஆட்டத்தையே நடத்தறவிய. ஆறாவது கொட்டையை எதிர் டீம் கொட்டைங்களுக்கு நடுவுல சொருகி வெச்சேன், அது பிவட்டு, சில லிஸ்ட்ல லைன் பிளேயர்னு LP போட்டிருப்பாங்க, லெஃப்ட் பேக் LB, வாயில சொன்னா ரெண்டும் எல்பியாட்டத்தான் இருக்கும், கடைசி எழுத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கங்க. "நடுவுல மாட்டிக்கிட்டு என்னங்கத்தை பண்ணும்?"னு அம்மிணி கேட்டுச்சு. அதுதான் வேலையே கண்ணு, முதுகைக் கொடுத்து எடத்தைப் புடிச்சு வெச்சு, பந்து வந்த அரை நொடியில திரும்பி அடிக்கோணும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாக்கூடப் போதும். எந்த லிஸ்ட் கையில வந்தாலும் மொதல்ல ஆர்டபிள்யூவும் ஆர்பியும் எத்தனை பேருன்னு எண்ணுங்க. அந்த ரெண்டு எடத்துலயும் பெரும்பாலும் நொட்டாங்கைக்காரிங்கதான் இருப்பாங்க. ஏன்னா, சோத்தாங்கைக்காரியை வலது மூலையில நிறுத்துனா பந்து புடிச்ச கை கோட்டுக்கு அக்கட்ட போயிரும், கோலு அவளுக்கு ஒரு கீத்தாட்டத்தான் தெரியும். நொட்டாங்கைக்காரி அதே எடத்துல நின்னு உள்ள பாத்து எகிறுனா, கை கோர்ட்டுக்கு நடுவாக்குல வந்துரும், கோல் தொறந்துக்கும். வாயில சொன்னா புரியாதுன்னு, எங்க ஊட்டுத் தொட்டிக்கட்டுக் கதவுக்கு முன்னால அம்மிணியை வலது ஓரமா சுவத்தை ஒட்டி நிறுத்தி, டென்னிஸ் பந்தை மொதல்ல சோத்தாங்கையில போடச் சொன்னேன், மூணு தடவையும் கதவு நிலையில பட்டுத் திரும்பிருச்சு, அப்பறம் நொட்டாங்கையில போடச் சொன்னேன், நேரா உள்ள போய் அண்டாவுல விழுந்து சத்தம் ஊட்டுக்கே கேட்டுது. அம்மிணி மூஞ்சியைப் பாக்கோணுமே அப்ப.

ஏன்னா அம்மிணி நொட்டாங்கைக்காரிங்க. எங்கம்மா, அதாவது அதோட அப்பத்தா, இன்னைக்கும் அது எதையாச்சும் எடுத்து நீட்டுனா "சோத்தாங்கையில குடு சாமி"ன்னுதான் சொல்லுவாங்க. அது ஊட்டுப் பழக்கம், பரவாயில்ல. ஆனா இந்த ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு கோச்சிங்ல அதை லெஃப்ட் விங்ல நிறுத்தி, வலது கையில எறிஞ்சு பழகுன்னு ஒரு வருசம் ஓட்டுனாங்க, எடம் காலியா இருக்குதுன்னு நிறுத்துனாங்களோ என்னமோ, தோள்பட்டை வலிதான் மிச்சம். உலக டீமுங்க இந்தக் கையைத் தேடித் தேடி எடுக்கறாங்க. நார்வேயோட நோரா மோர்க், நொட்டாங்கை ரைட் பேக், முட்டிக்கு எத்தனையோ ஆப்பரேசன் பண்ணியும் டீம் அவியளுக்காகக் காத்திருந்துச்சு, 2020 யூரோவுல எச்சா கோல் அடிச்சதும் அவியதான். ஆட்டம் அப்படிப்பட்டதுங்கறது ஒரு பக்கம், அந்தக் கையும் அந்த உசரமும் சேந்து கெடைக்கறது அருமைங்கறது இன்னொரு பக்கம். ஊட்டுல நொட்டாங்கைப் பொண்ணு இருந்து ஹேண்ட்பால் ஆடுதுன்னா தயவு செஞ்சு கையை மாத்தாதீங்க, கோச்சுகிட்டப் போய் வலது பக்கம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்க.

சரி, எண்ணியாச்சா. ரைட் விங் ரெண்டு, ரைட் பேக் ரெண்டு, நாலும் நொட்டாங்கைன்னா அந்த டீம் ரெண்டு பக்கமும் சமமா அடிக்கும். ரைட் பேக்குன்னு போட்டு ஒரே ஒருத்தி இருந்தா, அவ களைச்சாலோ ரெண்டு நிமிசம் வெளிய போனாலோ அந்தப் பக்கம் ஒரு சோத்தாங்கைக்காரி வந்து ஒப்பேத்தோணும், ஆட்டம் பூராவும் இடது பக்கமே சாயும், எதிர் டீம் டிஃபென்ஸும் அக்கட்டயே நகந்து நிக்கும். லிஸ்ட்ல கைன்னு தனியா ஒரு கட்டம் இருக்காதுங்க, அதனால சந்தேகம்னா அந்தப் புள்ளை கோல் அடிக்கற ஒரு கிளிப்பைப் போட்டுப் பாத்துருங்க, பத்து செகண்டு வேலை.

அடுத்து கீப்பருங்க. பழைய வழக்கப்படி 1, 12, 16 நம்பருங்க எச்சா கீப்பருக்குத்தான், கட்டாயமில்ல, 1ல இருந்து 99 வரைக்கும் எது வேணும்னாலும் போடலாம். கீப்பர் வயசைப் பாத்து ஏமாறாதீங்க. நார்வேயோட கேத்ரின் லுண்டே, 16ம் நம்பர், 1980ல பொறந்தவிய, 2008, 2012, அப்பறம் 2024 பாரிஸ்ல 44 வயசுல மூணாவது ஒலிம்பிக் தங்கம், 300 மேட்ச்சுக்கு மேல நாட்டுக்காக நின்னவிய. விங்ல ஓடறவியளுக்கு முட்டி போயிரும், கீப்பருக்கு வருசம் ஆக ஆக எதிராளி தோளைப் படிக்கற கண்ணு கூடும். இந்த ஆட்டத்துல நூறு பந்துக்கு முப்பத்தஞ்சு தடுத்தாலே நல்ல கீப்பரு, அதனால அறுபத்தஞ்சு கோலு வாங்கிட்டாங்களேன்னு நெனைக்கறது கிரிக்கெட் கண்ணு. கீப்பர் பேருக்கு நேரா கோல் கட்டத்துல ஒண்ணு ரெண்டு இருந்தா அச்சுப்பிழையில்லைங்க, 2016ல விதி மாறுன பொறவு நெறைய டீம் கீப்பரை வெளிய எடுத்துட்டு ஏழு பேரா அடிக்கறாங்க, அப்ப பந்து போச்சுன்னா எதிர் கீப்பரு அங்கிருந்தே காலிக் கோலுக்குள்ள வீசிருவாங்க.

லிஸ்ட்ல எழுதாத ஒரு வேலை இருக்குது, டிஃபென்ஸ். அதைக் கண்டுபுடிக்க ஒரு சின்னக் கணக்கு. கோலை மேட்ச்சால வகுத்துப் பாருங்க. ஒரு புள்ளை 90 மேட்ச் ஆடி 300 கோல்னா மேட்ச்சுக்கு மூணுக்கு மேல, அடிக்கற ஆளு. இன்னொரு புள்ளை 90 மேட்ச் ஆடி 45 கோல்தான்னா, "இதை எதுக்குக் கூட்டிட்டுப் போறாங்க"ன்னு தோணும், ஆனா தொண்ணூறு மேட்ச்சு சும்மா யாரும் குடுக்க மாட்டாங்க, அது நடுவுல நின்னு தடுக்கற ஆளு, பந்து நம்ம கைக்கு வந்ததும் ஓடிப் போய் பெஞ்சுல உக்காந்துக்கும், வேற ஒருத்தி ஓடி வருவா. மேட்ச்ல மொத பத்து நிமிசம் பந்தைப் பாக்காதீங்க, பெஞ்சைப் பாருங்க, யாரு உள்ள வர்றா யாரு வெளிய போறான்னு தெரிஞ்சுரும். செவன் மீட்டர், அதாவது பெனால்ட்டி, யாரு எடுக்கறாங்களோ அவிய கோல் கணக்கு கொஞ்சம் ஊதித் தெரியும், அதையும் கழிச்சுக்கோணும்.

கிளப் கட்டத்தை நெறையப் பேரு தாண்டிப் போயிருவாங்க, நான் அதுல நெம்ப நேரம் நிப்பேன். நாட்டு டீமுக்கு ஒண்ணாப் பழக நாளே கெடைக்காதுங்க, வருசத்துல சில வாரம்தான், மிச்ச நாளெல்லாம் கிளப்புல. அதனால லிஸ்ட்ல நாலஞ்சு பேரு ஒரே கிளப்புன்னா, கண்ணைக் கட்டிக்கிட்டுக்கூட பாஸ் போட்டுக்குவாங்க. இதுக்கு பிரேசில்தான் என்ற உதாரணம். அவிய ஃபெடரேசன் ஆஸ்திரியாவுல ஹைப்போன்னு ஒரு பெரிய கிளப்போட ஏற்பாடு பண்ணி, நேசனல் டீம் புள்ளைங்களைக் கூட்டமாவே அங்க ஆட அனுப்பி வெச்சுது. ஐரோப்பாவுல வாரா வாரம் ஒண்ணா ஆடி ஆடி, 2013 உலகக் கோப்பையில, பெல்கிரேடு ஃபைனல்ல, செர்பியாவை அவிய ஊருலயே 22-20ன்னு அடிச்சுக் கப்பை வாங்கிட்டாங்க, கோச்சு மோர்டன் சௌபாக்னு டென்மார்க்காரரு. ஐரோப்பாவுக்கு வெளிய அதுக்கு முன்னாடி 1995ல தென் கொரியா மட்டும்தான் அந்தக் கப்பை எடுத்திருந்துச்சு. 2013 லிஸ்ட்டை எடுத்துக் கிளப் கட்டத்தை மேல இருந்து கீழ விரலை வெச்சுப் படிச்சுட்டு வாங்க, ஒரே பேரு திரும்பத் திரும்ப வரும்.

கொரியா இதுக்கு நேர்மாறு, பெரும்பாலும் உள்ளூர் லீக்ல ஆடற புள்ளைங்க, 1988லயும் 1992லயும் ஒலிம்பிக் தங்கம், அவிய வேகமும் குறுக்கு ஓட்டமும் ஐரோப்பாக்காரங்களுக்குப் புடிபடவே நாளாச்சு. கிளப் கட்டம் சட்டுனு மாறவும் செய்யும். நார்வேயில வைப்பர்ஸ்னு ஒரு கிளப், 2021, 2022, 2023ன்னு மூணு வருசம் வரிசையா சாம்பியன்ஸ் லீக் எடுத்தது, 2025 ஜனவரியில கடனுல மூழ்கி மூடிட்டாங்க, சீசன் நடுவுல புள்ளைங்க வேற வேற ஊருக்குப் பிரிஞ்சு போனாங்க. பழைய லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு "இவிய ரெண்டு பேரும் ஒரே கிளப்பு"ன்னு சொன்னா அதனாலதான் தப்பாயிரும்.

பேரு விசயத்துல கவனம் வேணுமுங்க. கல்யாணத்துக்குப் பொறகு பேரு நீளும், சில பேருக்குத் திரும்பச் சுருங்கும். லுண்டேயே நடுவுல லுண்டே ஹரால்ட்சன்னு இருந்தாங்க, அப்பறம் மறுபடி லுண்டே. அவியளுக்கு ரெட்டைப் பொறப்பு கிறிஸ்டின், அவியளும் அதே டீம்ல ஆடி 2008, 2012 தங்கம் வாங்குனவிய, ஆக ஒரே பொறந்த தேதி, ஒரே குடும்பப் பேரு, ரெண்டு வரி. அதே நார்வேயில சோல்பெர்க் ரெட்டையரும் இருக்காங்க, சில்யெ கீப்பரு, சன்னா லெஃப்ட் விங், 1990ல பொறந்தவிய. நோட்டுல எழுதறப்ப சொந்தப் பேரு (குடும்பப் பேரு இல்ல), நம்பரு, பொறந்த தேதி, மூணையும் சேத்து எழுதுங்க, மூணுல ரெண்டு ஒத்துப்போனாத்தான் அதே ஆளு.

நாடு மாறி ஆடறதும் உண்டு. குடியுரிமை இருக்கோணும், பழைய நாட்டுக்கு அதிகாரப்பூர்வமா ஆடுனதுல இருந்து மூணு வருசம் தள்ளி இருக்கோணும். ஔஸ்ரா ஃப்ரிட்ரிகாஸ் லிதுவேனியாவுல பொறந்து ஆஸ்திரியாவுக்கு ஆடி, 1999ல உலகத்துலயே சிறந்த வீராங்கனைன்னு பேரு வாங்குனவிய.

நம்ம இந்தியா லிஸ்ட்டையும் இதே கண்ணோட பாருங்க, விட்டுராதீங்க. இங்க கிளப்புக்குப் பதிலா எந்த மாநிலம், ரயில்வேயா வேற டிபார்ட்மெண்டான்னு பாக்கோணும். பாத்தீங்கன்னா ஹிமாச்சல் புள்ளைங்க நெறைய இருக்கும், பிலாஸ்பூர் பக்கம் மோர்சிங்கின்னு ஒரு கிராமத்துல ஹேண்ட்பால் நர்சரியே நடத்தறாங்க, ஒரு கிராமம் நேசனல் டீமுக்குப் புள்ளைங்களை அனுப்புதுன்னா நம்ம அந்தியூரும் காங்கயமும் எதுல கொறைச்சல்? 2022 மார்ச்சுல கஜகஸ்தான் அல்மாட்டியில நம்ம ஜூனியர் பொண்ணுங்க ஆசியக் கப்பே எடுத்தாங்க, அது நம்ம பக்கத்துல எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 டிசம்பர்ல ஆசியச் சாம்பியன்ஷிப் டெல்லியிலயே நடந்துச்சு, ஜப்பான் எடுத்தாங்க. அந்த 2022 ஜூனியர் லிஸ்ட்டையும் டெல்லி சீனியர் லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்தப் பேரு மேல ஏறி வந்துச்சு, எது காணாமப் போச்சுன்னு பாக்கறது நல்ல பயிற்சிங்க. காணாமப் போன ஒவ்வொரு பேருக்கும் பின்னாடி முட்டி அடியோ, வேலையோ, கல்யாணமோ ஏதோ ஒண்ணு இருக்கும், எனக்கு அந்த வரிசையைத்தான் மனசு கேக்காது.

நோட்டுப் போடறது எப்படின்னா, நாங்க கடையில வாங்குன நீள நோட்டுத்தான், ஒரு டீமுக்கு ரெண்டு பக்கம். இடது பக்கம் புளியங்கொட்டை அடுக்குன மாதிரியே ஏழு எடமும் வரைஞ்சு, ஒவ்வொரு எடத்துக்கும் கீழ அந்த எடத்து ஆளுங்க பேரு, நொட்டாங்கைன்னா பச்சைப் பேனா. வலது பக்கம் மேட்ச் குறிப்பு, டிஃபென்ஸ்ல மட்டும் வர்றது யாரு, செவன் மீட்டர் யாரு, கடைசி அஞ்சு நிமிசம் கோச்சு யாரை நம்பி உள்ள விடறாங்க. கடைசி அஞ்சு நிமிசத்தைக் கட்டாயம் எழுதுங்க. 2019 ஃபைனல்ல நெதர்லாந்து ஸ்பெயினை 30-29ன்னு ஜெயிச்சதே கடைசி சில நொடியில லோயிஸ் அப்பிங் அடிச்ச செவன் மீட்டர்லதான், அந்த நேரத்துல பந்து யாரு கைக்குப் போகுதோ அவியதான் அந்த டீமோட நெசமான தலை, கேப்டன் பட்டை யாரு கையில இருந்தாலும் சரி.

மேட்ச் நேரம் நமக்குக் கொஞ்சம் செரமந்தான். நடு ஐரோப்பாவுல சாயங்காலம் ஆறு மணின்னா இங்க ராத்திரி பத்தரை, அங்க எட்டரைன்னா இங்க ஒரு மணி, அதுவும் பெரிய போட்டியெல்லாம் டிசம்பர்ல, மார்கழிக் குளிர்ல போர்வையைப் போத்திக்கிட்டுத்தான் பாக்கோணும். ஸ்கூல் நாள்ல அம்மிணிக்குப் பத்தரை மேட்ச் மட்டும், அதுவும் மொதப் பாதி முப்பது நிமிசம், மிச்சம் காலையில ரிப்போர்ட்டைப் பாத்து எழுதிக்கும்.

2026 டிசம்பர் யூரோ ருமேனியா, போலந்து, செக், ஸ்லோவாக்கியா, துருக்கின்னு அஞ்சு நாட்டுல நடக்குது, 35 பேரு லிஸ்ட் வர்றப்ப நோட்டு தயாரா இருக்கோணும். ருமேனியாவுக்கு இப்பவே ரெண்டு பக்கம் வரைஞ்சு வெச்சாச்சு. லெஃப்ட் பேக் எடத்துல பல வருசமா கிறிஸ்டினா நியாகுதான், 8ம் நம்பர், 2010, 2015, 2016, 2018ன்னு நாலு தடவை உலகத்தோட சிறந்த வீராங்கனை, அவிய 2025ல ஆட்டத்தை விட்டுட்டாங்க. நான் ஆடுன எடமுங்கறதால அந்தக் கட்டத்தை மட்டும் நானே வரைஞ்சேன். "யாரு பேருங்கத்தை எழுதறது?"ன்னு அம்மிணி கேட்டுச்சு. லிஸ்ட் வரட்டும் கண்ணு, பென்சில்ல எழுதலாம்னு சொல்லியிருக்கறேன்.